கேற்றால் வந்து இடப்பக்கம்

தண்ணீரூற்றில் யாராவது கொழும்பு பார்க்கப் போவதென்றால், பஸ்ஸுக்கு இடம் பதிவதற்கு முன் றாபியாவின் வீட்டுக்கு ஒருமுறை வந்துபோவார்கள். சனி ஞாயிறு இரண்டே நாள் கையில் இருந்தால் எதைப் பார்க்கலாம், எதை விடலாம், கோட்டையில் இறங்கியதும் முகம் கழுவ எங்கே போவது, சின்னப் பிள்ளைகளோடு எங்கே நடக்கலாம் என்று அவளிடம் கேட்டால் போதும். கதிரையில் சாய்ந்தபடி, குரலை உயர்த்தாமல், ஒவ்வொன்றாகச் சொல்வாள். ஆறு மாதமாக மூன்று கிழமைக்கு ஒருமுறை அவள் கொழும்புக்குப் போய்வருகிறாள். புருஷன் மஸாஹிருக்கு முள்ளியவளையில் புடவைக்கடை. அவர் துணி எடுக்கப் போகும்போது இவளும் கூடவே போய் ஊர் சுற்றிப் பார்க்கிறாள் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. "இந்த வயசில ரெண்டு பேரும் நல்லாத்தான் சுத்துகினம்" என்று பகிடியாகவும் கொஞ்சம் எரிச்சலாகவும் சொன்னார்கள். கொழும்புக்காரி என்று பெயரும் வைத்தாயிற்று.

கொழும்பில் அவள் எதையும் பார்த்ததில்லை.

அவள் போய்வந்தது மகரகம ஆஸ்பத்திரிக்கு. வன்னியில் ஒருவர் மகரகமவுக்குப் போகிறார் என்றால் அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. நோயின் பெயரை யாரும் வாயில் எடுக்கமாட்டார்கள். ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார்கள். கேட்டவருக்கு விளங்கிவிடும்.

மே மாதம் இடது மார்பில் இருந்த கட்டியை வவுனியாவில் பார்த்துவிட்டு அங்கே அனுப்பினார்கள். அதற்குப் பத்து நாளைக்கு முன்புதான் மகள் ஷமீலாவுக்கும் நீராவிப்பிட்டி றிஸ்மியாவின் மகன் றிஸ்விக்கும் பேச்சு முடிந்து, இரண்டு வீட்டாரும் இனிப்பு மாற்றியிருந்தார்கள். றிஸ்வி விவசாயத் திணைக்களத்தில் வேலை செய்கிற அமைதியான பிள்ளை. ஷமீலாவுக்கு அவனைப் பிடித்திருந்தது என்பது அவள் அவன் பெயரைச் சொல்லாமல் தவிர்த்த விதத்திலேயே தெரிந்தது.

றாபியா மஸாஹிரிடம் கேட்டது ஒன்றுதான். நிக்காஹ் முடியும்வரை இது வீட்டுக்கு வெளியே போகக்கூடாது. தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரும் என்ற கதை எப்படித் தொடங்கும், எப்படி முடியும் என்று அவளுக்குத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது பன்னிரண்டு வயதில் புத்தளத்துக்குப் போனவள் அவள். அங்கேயே கல்யாணம் செய்து, அங்கேயே ஷமீலாவைப் பெற்று, இருபது வருஷம் கழித்துத்தான் திரும்பி வந்தாள். புத்தளத்தில் இருந்த காலத்தில் தன் தம்பிக்குப் பார்த்த ஒரு பெண்ணை அவளே வேண்டாம் என்றிருக்கிறாள். பெண்ணின் தாய் மகரகமவில் மருந்து எடுத்தவர் என்று தெரிந்த மறுநாள் போன் எடுத்து, "அந்தத் திகதி சரிவராது போல இருக்கு" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு பக்கத்தாரும் போன் எடுக்கவில்லை. அந்தத் தாயின் முகம் இப்போது றாபியாவுக்கு நினைவில் வருவதில்லை. கையில் வைத்திருந்த பனையோலை விசிறி மட்டும் வருகிறது.

மருந்து ஏறத் தொடங்கி மூன்றாம் முறையோடு விரல் நுனிகள் மரத்துப்போயின. பித்தான் போட முடியவில்லை. தேத்தண்ணிக் கோப்பை சூடா ஆறியதா என்று கைக்குத் தெரியவில்லை. ஆவி வருகிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் பிடிக்கவேண்டியிருந்தது. மருந்து முடிந்தபிறகு மெல்ல மெல்லச் சரிவரும் என்று டொக்டர் சொன்னார். விரலோடு சேர்ந்து உள்ளே வேறெதுவோவும் மரத்துவிட்டது. அதைப் பற்றி அவள் டொக்டரிடம் கேட்கவில்லை. முடி கொத்தாகக் கையோடு வந்த அன்று அவள் அழவில்லை. அதைக் கடைப் பையொன்றில் போட்டு முடிச்சுப் போட்டு வைத்துவிட்டு, சோற்றுக்கு அரிசி கழுவப் போனாள். ஷமீலாதான் குசினிக்குள் நின்று அழுதாள். புருவமும் போனபிறகு தினமும் காலையில் ஷமீலா பென்சிலால் வரைந்துவிடுவாள். தலைக்கு எப்போதும் முக்காடு இருந்தது. வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை. யாரும் கேட்கவுமில்லை.

"உங்களுக்குச் சுகம்" என்பாள் றோசம்மா. சிலாவத்தையில் இருந்து அதே நாட்களில் அதே பஸ்ஸில் மகரகமவுக்கு வருகிற கரைவலைக்காரர் வீட்டுப் பெண். "துணியைப் போட்டு மூடிட்டா முடிஞ்சுது. நான் மடுமாதாவுக்கு நேத்தி வைச்சு மொட்டை அடிச்சனான் எண்டு ஊர் முழுக்கச் சொல்லி வைச்சிருக்கிறன். நல்லவேளை, மாதா இன்னும் மறுத்துச் சொல்லேல்ல."

அந்தப் பயணத்துக்குச் சுற்றுலா என்று பெயர் வைத்ததும் றோசம்மாதான். "அடுத்த சுற்றுலா எப்ப, றாபியா அக்கா?" என்று பஸ்ஸுக்குள் எல்லாருக்கும் கேட்கத்தான் கேட்பாள். அவளுக்குக் கட்டிக் கொடுக்கப் பிள்ளைகள் இல்லை. அதனால் பயமும் இல்லை.

ஆனால் ஊர் சுற்றுகிற ஒருத்தியிடம் ஊரைப் பற்றிக் கேட்பார்கள் என்று றாபியா முதலில் யோசிக்கவில்லை. முதன்முதலில் கேட்டவர் பக்கத்து ஒழுங்கை விமலேஸ்வரி டீச்சர். ஆகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறேன், எதைக் காட்டலாம் என்றார். றாபியாவுக்குத் தெரிந்த கொழும்பு, கோட்டையிலிருந்து மகரகம போகும் 138ஆம் இலக்க பஸ்ஸின் கண்ணாடிக்கு வெளியே தெரிந்த கொழும்பு மட்டும்தான். வெள்ளை நிறத்தில் ஒரு பெரிய மாநகரசபைக் கட்டடம், அதன் முன்னால் பூங்கா, நிழல் மரங்கள், கொஞ்சம் தள்ளி நூல்நிலையம். அதைச் சொன்னாள். கொஞ்சம் குறைவாக இருப்பதுபோலத் தோன்றியதும், மஸாஹிர் இளவயதில் பார்த்த மிருகக்காட்சிசாலையையும் சேர்த்துச் சொன்னாள்.

டீச்சர் திரும்பி வந்து ஒரு மணித்தியாலம் இருந்து கதைத்தார். மிருகக்காட்சிசாலைக்குக் காலையில் போனால்தான் நல்லது, பத்து மணிக்குப் பிறகு மிருகமெல்லாம் படுத்துவிடுகிறது என்றார். பூங்காவில் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும் என்றார். றாபியா கேட்டு வைத்துக்கொண்டாள். அடுத்து வந்தவர்களுக்கு அதையே தன் வாயால் சொன்னாள். அவர்கள் போய் வந்து தாமரைக் கோபுரத்தைப் பற்றிச் சொன்னார்கள். அதை அதற்கடுத்து வந்தவர்களுக்குச் சொன்னாள். இப்படியே நாலு மாதத்துக்குள் தபாற்கந்தோர் பொன்னையாவின் குடும்பம், பள்ளிவாசல் செயலாளரின் வீட்டார் என்று எல்லாருடைய கண்ணாலும் அவள் கொழும்பைப் பார்த்து முடித்திருந்தாள். யாரும் ஏமாந்து திரும்பவில்லை. பொய் சொல்கிறோம் என்ற உறுத்தல்கூட அவளுக்கு இல்லை. உறுத்துகிற இடமும் மரத்துப்போயிருந்தது.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, மழை விட்டிருந்த நேரத்தில், சம்பந்தியாகப் போகிற றிஸ்மியா வந்தாள். றாபியா அதற்கு முந்திய வியாழக்கிழமைதான் மருந்து ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். எழுந்து வாசலுக்கு வர நேரமெடுத்தது.

"ராத்தா, நானும் மனுசனும் றிஸ்வியும் கொழும்புக்குப் போறம்" என்று செருப்பைக் கழற்றும்போதே றிஸ்மியா தொடங்கினாள். "வெள்ளி பின்னேரம் ஏறி, சனி ஞாயிறு நிண்டு, திங்கள் விடிய வந்திடுவம். பிள்ளைக்குக் கல்யாணப் புடவை எடுக்கவேணும். அப்பிடியே நானும் ஊரைப் பாக்கவேணும். நாப்பத்தி மூண்டு வயசாச்சு, நான் கண்ட பெரிய பட்டணம் வவுனியா."

"புத்தளம்?"

"அதை ஏன் இப்ப ஞாபகப்படுத்துறீங்க. நீங்களும் வாங்கோவன். உங்கட கையைப் பிடிச்சுக்கொண்டு நடந்தா எனக்குப் பயமில்ல."

"இல்ல தங்கச்சி. இப்பதானே போய் வந்தனான். முழங்கால் நோகுது."

"உங்கட மனுசனோட எண்டா நோகாது. என்னோட எண்டா நோகுது" என்று சிரித்துக்கொண்டே றிஸ்மியா உள்ளே வந்து உட்கார்ந்தாள். "சரி, சொல்லுங்கோ. எழுதித் தாங்கோ, நான் மறந்திடுவன்." கைப்பையில் இருந்து பழைய கலண்டர் தாள் ஒன்றையும் பேனையையும் எடுத்து நீட்டினாள்.

றாபியா பேனையைப் பார்த்தாள். அதைப் பிடித்தால் இரண்டாவது எழுத்தில் விழுந்துவிடும்.

"கண்ணாடியை எங்கயோ வைச்சிட்டன். நான் சொல்லுறன், நீங்க எழுதுங்கோ."

றிஸ்மியா தாளை மடியில் வைத்துக்கொண்டு எழுதினாள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே தெகிவளை மிருகக்காட்சிசாலை. தண்ணீர்ப் போத்தல். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு காலிமுகத்திடல். அதற்கு முன் போனால் வெயில்.

"அங்க என்ன இருக்கு?"

"கடல்."

"இஞ்ச இல்லாத கடலா?"

"அதுக்குத்தான் சனம் போகுது. காத்து வரும். இறால் வடை விக்கிறாங்க. றிஸ்வியைக் கரைக் கல்லுகளுக்குக் கிட்டப் போக விடாதீங்கோ, அலை அடிச்சு நனைக்கும்."

"அவனை நனைச்சா நல்லது. ரெண்டு மாசமா மாப்பிள்ளைத் தோரணையில மழைக்கும் இறங்கிறானில்ல." றிஸ்மியா எழுதினாள். "தாமரைக் கோபுரம்?"

"மேல ஏறுறதுக்கு நல்ல வரிசை நிக்கும். கீழ நிண்டு பாத்தாலும் கழுத்து நோகும் அளவுக்குத் தெரியும். ஞாயிறு காலமை 138ல ஏறுங்கோ. மாநகரசபை, பூங்கா எல்லாம் இருந்த இடத்திலேயே பாக்கலாம். இறங்கத் தேவையில்ல."

"அந்த பஸ் எங்க போகுது?"

"பாமுனுவவுக்குப் போகலாம்" என்றாள் றாபியா. உண்மையில் மஸாஹிர் துணி எடுப்பது அங்கேதான். தெரு நீளத்துக்கும் துணிக்கடை. பாமுனுவ மகரகமவில்தான் இருக்கிறது என்றாலும் அந்தப் பெயரைச் சொல்லத் தேவையில்லை. "புடவைக்குப் போடுற பிளவுஸ் துணி, சொந்தக்காரருக்குக் குடுக்கிற உடுப்பு எல்லாம் அங்க மலிவு."

"அங்க சாப்பாடு? எங்கட சாப்பாடா இருக்கவேணும். வெளியில கண்டதைத் திண்டா அவருக்கு வயிறு ஏலாது. தொழவும் ஒரு இடம் வேணும்."

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் றாபியாவிடம் கேட்டதில்லை. அவள் யோசிக்கவில்லை. யோசிக்கத் தேவையில்லாத அளவுக்கு அது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஒரு மாமி வீட்டில சமைச்சுக் குடுக்கிறா. மாத்தளை ஆள். சோறு நல்லா இருக்கும். கஞ்சி எண்டா இன்னும் நல்லா இருக்கும், தொண்டையில நிக்காம இறங்கும். தேசிக்காய் ஊறுகாய் கொஞ்சம் வைப்பா. முன்னறையில பாய் விரிச்சு வைச்சிருக்கிறா, தொழலாம், கொஞ்சம் சரிஞ்சு படுத்தாலும் ஒண்டும் சொல்ல மாட்டா. கேற்றால வெளிய வந்து இடப்பக்கம் திரும்புங்கோ. மருந்துக்கடையைத் தாண்டி மூண்டாவது ஒழுங்கை. பச்சைக் கதவு."

றிஸ்மியா எழுதுவதை நிறுத்தவில்லை. "எந்தக் கேற்?"

"பஸ் நிக்கிற இடத்துக்கு எதிர்ப் பக்கம் ஒரு பெரிய கேற் இருக்கும்" என்றாள் றாபியா.

ஷமீலா தேத்தண்ணியோடு வந்து, வாசலில் நின்று தாயைப் பார்த்தாள். றிஸ்மியா தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "அப்ப நிக்காஹ் வேலையெல்லாம் உங்கட பக்கம் ஒழுங்குதானே? அடுத்த மாசம் இருபத்திரண்டு எண்டா இன்னும் ஆறு கிழமைகூட இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

இருபத்திரண்டாம் திகதியைக் குறித்தது மாப்பிள்ளை வீட்டார். அந்த ஞாயிற்றுக்கு முந்திய வியாழன், பத்தொன்பதாம் திகதி, றாபியாவுக்கு மருந்து ஏற்றுகிற நாள். ஏற்றினால் நாலைந்து நாளைக்கு எழும்ப முடியாது. காரணம் சொல்லாமல் நாளை மாற்றச் சொல்ல வழியில்லை. அதனால் அந்த ஒருமுறை போகாமல் விடுவது என்று அவள் முடிவெடுத்திருந்தாள். மஸாஹிருக்கு அதைச் சொல்லவில்லை. பத்தொன்பதாம் திகதி பஸ் ஏறுகிற நேரத்தில் சொன்னால் போதும் என்று நினைத்திருந்தாள்.

றிஸ்மியா போனபிறகு ஷமீலா கோப்பைகளை எடுக்காமல் நின்றாள்.

"உம்மா, என்ன கேற்?"

றாபியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. பட்டியலில் இருந்த மற்றதெல்லாம் மற்றவர்கள் பார்த்து வந்து சொன்னவை. அவள் தன் காலால் நடந்து, தன் கண்ணால் கண்டு சொன்னது அது ஒன்றுதான். கொழும்பில் அவளுக்கு எல்லா வழியும் தொடங்குவது அந்த ஆஸ்பத்திரி வாசலில் இருந்துதான்.

"போன் எடுத்துச் சொல்லுங்கோ. அந்தக் கடை பூட்டிட்டாங்க எண்டு சொல்லுங்கோ" என்றாள் ஷமீலா.

"அப்பிடிச் சொன்னா ஏன் எண்டு யோசிப்பா."

"யோசிக்கட்டும். போய் நிண்டு பாக்கிறதை விட..."

"விடு, மகள்."

ஷமீலா கோபமாகக் குசினிக்குள் போனாள். பாத்திரங்களை மெதுவாகத்தான் வைத்தாள். அது இன்னும் கோபமாகக் கேட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு றாபியா போனைக் கையில் எடுத்தாள். திரை அவளுடைய விரலை உணரவில்லை. இரண்டு மூன்று தரம் அழுத்த வேண்டியிருந்தது. றிஸ்மியாவின் பெயரைத் தாண்டிப்போய் றோசம்மாவுக்கு எடுத்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

"எல்லாரையும் எல்லா இடத்துக்கும் அனுப்பிப்போட்டு, சம்பந்தியை மட்டும் எங்கட கஞ்சிக்கு அனுப்பியிருக்கிறீங்க" என்றாள் றோசம்மா. "என்னட்டக் கேட்டிருந்தா கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலைச் சொல்லியிருப்பன். நான் கொழும்பில பாத்தது அது ஒண்டுதான்."

"அவ கோயிலுக்குப் போய் என்ன செய்யிறது."

"எல்லாச் சாதிச் சனமும்தான் வருது. மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வரட்டும்." பிறகு குரல் மாறியது. "போன் எடுத்து மறிக்கப் போறீங்களா?"

"தெரியேல்ல."

"பயமா இருக்கா?"

றாபியா அதைத் தேடிப் பார்த்தாள். பயம் இருக்கவேண்டிய இடம் தெரிந்தது. அங்கே ஒன்றும் இல்லை. "இல்ல" என்றாள்.

பின்னேர பஸ் தண்ணீரூற்றைத் தாண்டிப் போகும் ஹோர்ன் சத்தம் கேட்டது. அவள் மறிக்கவில்லை.

சனியும் ஞாயிறும் மழை. மஸாஹிர் கடையைப் பூட்டிவிட்டு வந்து, ஷமீலா சொன்னதைக் கேட்டு, சட்டையைக் கழற்றாமலேயே கதிரையில் இருந்தார். "அவங்க வந்து கேட்டா உள்ளதைச் சொல்லுவம்" என்றார். பிறகு, "கேக்காட்டி?" என்றார். றாபியா மனதுக்குள் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது மிருகக்காட்சிசாலை. இப்போது கடற்கரை. ஞாயிறு பதினொரு மணிக்கு, இப்போது பூங்காவைத் தாண்டியிருப்பார்கள். ஒரு மணிக்கு லுஹர் தொழுது முடித்து, பாயை மடித்து வைத்துவிட்டு, போன் வருமென்று இருந்தாள். வரவில்லை. "அந்தத் திகதி சரிவராது போல இருக்கு" என்ற அந்த ஒரு வரியை, தான் சொன்ன அதே குரலில், இரண்டு மூன்று தரம் கேட்டுப் பார்த்தாள். அது மற்றவர் யாருக்கோ சொல்லப்படுவதுபோல இருந்தது.

திங்கட்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு றிஸ்மியா வந்தாள். கையில் பெரிய பெட்டி ஒன்றும் சிறிய பை ஒன்றும் இருந்தன.

ஷமீலா வாசலில் நின்று ஸலாம் சொன்னாள். றிஸ்மியா அவளுடைய கன்னத்தைத் தொட்டுவிட்டு, பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தாள். மெல்லிய ரோஜா நிறம், ஓரத்தில் வெள்ளி வேலை.

"பிடிக்காட்டி இப்பவே சொல்லு. கலியாணம் முடிஞ்சு பத்து வருஷத்துக்குப் பிறகு சொல்லாத. நான் அப்பிடித்தான் என்ட மாமிக்குச் சொன்னனான், இண்டைக்கும் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறா."

"பிடிச்சிருக்கு மாமி" என்றாள் ஷமீலா. புடவையைத் தொடவில்லை.

றிஸ்மியா கொழும்பைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாள். மிருகக்காட்சிசாலையில் நடந்து காலெல்லாம் வீங்கிவிட்டது. காலிமுகத்திடலில் சொன்னபடியே அலை அடித்து றிஸ்வியின் புதுச் சப்பாத்து நனைந்தது, சனமெல்லாம் சிரித்தது. இறால் வடை உறைப்பு. தாமரைக் கோபுரத்துக்குக் கீழே நின்று எடுத்த படத்தில் அவளுடைய தலை மட்டும் இருக்கிறது, கோபுரம் இல்லை. றாபியா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்துப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவற்றை மனம் தன்பாட்டில் குறித்துக்கொண்டிருந்தது.

"மகள், தேத்தண்ணி போடும்" என்றாள் றிஸ்மியா. "கொஞ்சம் நேரமெடுத்துப் போடும். இஞ்சி தட்டிப் போடும்."

ஷமீலா உள்ளே போனாள். றிஸ்மியா சிறிய பையை எடுத்து றாபியாவின் மடியில் வைத்தாள். உள்ளே ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாய்.

"மாத்தளை மாமி தந்துவிட்டவா."

றாபியா போத்தலைப் பார்த்தாள்.

"உள்ளுக்குப் போய் இருந்த உடன 'எத்தினையாம் வாட்?' எண்டு கேட்டா" என்றாள் றிஸ்மியா. "எனக்கு விளங்கேல்ல. சாப்பிட வந்தனாங்க எண்டன். 'ஓம், ஆருக்கு மருந்து ஏறுது?' எண்டு கேட்டா. ஒருத்தருக்கும் இல்ல, நாங்க தண்ணீரூற்று எண்டன். 'அப்ப உங்களுக்கு எங்கட முல்லைத்தீவு ராத்தாவைத் தெரியுமே, அவ இப்ப சாப்பிடுறாவா?' எண்டு கேட்டா." அவள் மேசையில் இருந்த புடவைப் பெட்டியைப் பார்த்தாள். "திரும்பிப் போகேக்கதான் அந்தக் கேற்றில இருந்த பேரை வாசிச்சனான். வரேக்க வாசிக்கேல்ல. கையில கல்யாணப் புடவைப் பெட்டி. அதோட அந்தக் கேற்றுக்கு முன்னால கால் மணித்தியாலம் நிண்டு, வழி கேட்டுத் திரிஞ்சிருக்கிறன்."

"நான் சொல்லியிருக்கக் கூடாது."

"எதை? வழியையா?"

றாபியா போத்தலைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குக் கோவம்" என்றாள் றிஸ்மியா. குரல் உயரவில்லை. "மனுசனுக்கும் மகனுக்கும் ஒண்டும் சொல்லேல்ல. அவங்க முன்னறையில தொழுதுகொண்டு நிண்டாங்க. மாமியிட்ட, ராத்தா நல்லாச் சாப்பிடுறா எண்டு சொன்னன். பொய்தானே? உங்களைப் பாத்தாலே தெரியுது. பஸ்ஸில வவுனியா வரைக்கும் கோவம். ஆறு மாசம் என்ட மூஞ்சையைப் பாத்துப் பொய் சொல்லியிருக்கிறீங்க. கனகராயன்குளத்தில தேத்தண்ணிக்கு நிப்பாட்டினாங்கள். இறங்கி நிண்டு யோசிச்சன். என்னட்ட வந்து சொல்லியிருந்தா நான் என்ன செய்திருப்பன் எண்டு யோசிச்சன்." அவள் புடவைப் பெட்டியின் மூடியைச் சரிசெய்தாள். "வேண்டாம் எண்டுதான் சொல்லியிருப்பன்."

"தெரியும்" என்றாள் றாபியா. "நானும் ஒருக்கா சொன்னனான். ஒரு பிள்ளையை."

றிஸ்மியா அதைக் கேட்டாள். யாரை என்று கேட்கவில்லை.

"ஷமீலாவை டொக்டரிட்டக் காட்டினீங்களா?"

"வருஷத்துக்கு ஒருக்கா பாக்கச் சொன்னவங்க. ஒருக்கா பாத்தது. ஒண்டும் இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்." றிஸ்மியா கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த அந்தக் கலண்டர் தாளை எடுத்து விரித்தாள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே பேனையால் சரி போட்டிருந்தாள். கேற் என்று எழுதியிருந்த வரிக்கு எதிரேயும் போட்டிருந்தது. "இருபத்திரண்டாம் திகதி சரிவராது" என்றாள்.

றாபியா கையைப் போத்தலில் இருந்து எடுத்தாள். அந்த வரி இதுதான். குரல்கூட அதுதான். உள்ளே ஏதாவது உடையும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வெளியே கூரையில் இருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அந்த மாமி சுவரில கலண்டர் வைச்சிருக்கிறா" என்றாள் றிஸ்மியா. "ஆராருக்கு எப்ப கஞ்சி எண்டு எழுதியிருக்கு. உங்களுக்கு இந்த மாசம் இருபத்தெட்டு. பிறகு பத்தொன்பது. பத்தொன்பது வியாழன் ஏத்தினா இருபத்திரண்டு ஞாயிறு நீங்க எப்பிடி வந்து நிப்பீங்க?"

"நான் அந்த முறை போகேல்ல எண்டு இருந்தனான்."

றிஸ்மியா அவளைப் பார்த்தாள். முதன்முறையாக அவளுடைய முகத்தில் கோபம் நன்றாகத் தெரிந்தது.

"பைத்தியமா ராத்தா உங்களுக்கு?"

தாளின் அடியில், எல்லாவற்றுக்கும் கீழே, ஏற்கெனவே ஒரு திகதி எழுதப்பட்டிருந்தது. இருபத்தொன்பது. அதைச் சுற்றி ஒரு வட்டம். எழுத்து கோணலாக, பஸ் ஓடும்போது எழுதியதுபோல இருந்தது.

"இருபத்தொன்பதும் ஞாயிறுதான். மாரி எண்டு சொல்லுவம், ரோட்டெல்லாம் வெள்ளம், சொந்தக்காரர் வரேலாது எண்டு சொல்லுவம். மழைக்கு ஒருத்தரும் சாட்சி கேக்க மாட்டினம். என்ட மாமியாருக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன். அவவுக்குத் தெரிஞ்சா முடிஞ்சுது. றிஸ்விக்கு நான் சொல்லுவன், ஆனா இப்ப இல்ல. அதை எப்ப எண்டு என்னட்ட விடுங்கோ." அவள் தாளை மேசையில் வைத்து, அதன்மேல் ஊறுகாய்ப் போத்தலை வைத்தாள். "எனக்குக் கோவம் போகேல்ல. அதையும் சொல்லிப்போட்டன்."

"ஓம்" என்றாள் றாபியா.

ஆறுதல் என்று ஒன்று வரும், அழுகையாவது வரும் என்று அவள் நினைத்தாள். வரவில்லை. சொன்னது முழுவதும் விளங்கியது. ஒவ்வொரு சொல்லும் அதனதன் இடத்தில் இருந்தது. பத்தொன்பதாம் திகதி பஸ் ஏறவேண்டும் என்பது மட்டும் மனதில் வந்து நின்றது.

ஷமீலா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். இரண்டு பேருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். றிஸ்மியா ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டாள். றாபியா தன்னுடையதை எடுக்கக் கை நீட்டினாள். ஆவியைப் பார்க்க மறந்துவிட்டிருந்தாள். றிஸ்மியா சட்டென்று அந்தக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, தட்டில் ஊற்றி ஆற்றத் தொடங்கினாள்.

"மாமி அதையும் சொன்னவா" என்றாள், தட்டைப் பார்த்தபடி. பிறகு ஷமீலாவிடம், "திகதி ஒரு கிழமை தள்ளிப்போகுது, மகள். உம்மாவுக்கு வசதியா. உன்ட மாப்பிள்ளைக்குச் சப்பாத்துக் காயவும் அவ்வளவு நாள் வேணும்" என்றாள்.

ஷமீலா சுவரோடு சாய்ந்து நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டி மூடியைத் தூக்கிப் புடவையின் ஓரத்தை முதன்முறையாகத் தொட்டாள்.

"நீங்க காலிமுகத்திடலைப் பாத்ததே இல்லத்தானே?" என்று றிஸ்மியா கேட்டாள்.

"இல்ல."

"நினைச்சன். பாத்த ஆள் எண்டா அங்க இருக்கிற பட்டங்களைச் சொல்லாம விட்டிருக்கமாட்டீங்க. வானம் முழுக்கப் பட்டம்." ஆறிய தேத்தண்ணியைத் திரும்பக் கோப்பையில் ஊற்றி, றாபியாவின் இரண்டு கைகளையும் எடுத்து அதைச் சுற்றி வைத்தாள். "எங்கட கடல்தான் பெரிசு. ஆனா இருக்கிறதுக்குப் படி கட்டியிருக்கிறாங்க. இருந்து பாக்கலாம்."

"பட்டம் எத்தினை மணிக்கு விடுறாங்க?" என்று றாபியா கேட்டாள்.

"நாலு மணிக்கே தொடங்கிடுவாங்க. அடுத்து ஆரும் வந்து கேட்டா, அஞ்சு எண்டு சொல்லாதீங்கோ."

றாபியா தலையாட்டினாள். கோப்பையைப் பிடித்திருந்தாள். அது கையில் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது.